அறுபத்து நாலாம் வருஷத்துத் தூசி

"ஏங்க, பொட்டிய எதுக்குங்க உளியால குத்தறீங்க?"

மதலைமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார். கொல்லைக் கதவருகே முறமும் கையுமாக அவர் மனைவி இன்னாசியம்மாள் நின்றிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதிக்கொண்டிருக்க வேண்டிய டைம் கீப்பர், அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக் கொல்லையில் ஒரு தகரப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் எந்த மனைவிக்கும் கேட்கத்தான் தோன்றும்.

"குத்தலியே. சும்மா தட்டிப் பாத்தேன்."

"உளிய வச்சா தட்டிப் பாப்பாங்க?"

"தகரம் கெட்டியா இருக்குதான்னு பாக்க வேண்டாமா? நாளைக்கு ஊரே கூடற எடத்துல தொறக்கப் போற பொட்டி."

"சுபான் பாய் செஞ்ச பொட்டி கெட்டியா இல்லாமப் போவுமா? நம்ம கல்யாணப் பொட்டி அவரு செஞ்சதுதான். எட்டு வருசத்துல ஒரு ஆணி கழண்டிருக்குதா?"

அதுதான் மதலைமுத்துவின் கஷ்டமே. அப்துல் சுபான் செய்த பெட்டி எதுவும் சாமானியத்தில் வாய் திறக்காது. இந்தப் பெட்டிக்கோ பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மூடியைச் சுற்றி நாலு பக்கமும் ஈயம் ஊற்றி அடைத்திருந்தார். அடைத்த பத்தாம் நாள் மனிதர் கண்ணை மூடிவிட்டார்.

பெட்டிக்குள் இருந்தது கடத்தூர் மார்னிங் ஸ்டார் கால்பந்துக் கழகத்தின் சரித்திரம்.

சுபான் பாய்க்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கடை. பெட்டி, புனல், சிம்னி விளக்கு எல்லாம் செய்வார். கால்பந்தை ஒரு நாளும் உதைத்தவர் இல்லை. பந்து தானாக உருண்டு அவர் காலடிக்கு வந்தால்கூடக் கையால் எடுத்து, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுவார். ஆனால் 1951-ல் கழகம் ஆரம்பித்த நாளிலிருந்து அது ஆடிய ஒரு மேட்சை அவர் தவறவிட்டதில்லை. பாலக்கோட்டில் மேட்ச் என்றால் தக்காளி ஏற்றப் போகும் காலி லாரியில் தொற்றிக்கொள்வார். ஒரு முறை சேலத்துக்குப் போகும்போது தொப்பூர் கணவாயில் லாரி நின்றுவிட்டது. ஆட வேண்டியவர்கள் பதினொரு பேரும் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியவர் மட்டும் சேலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

மைதானத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. மார்னிங் ஸ்டாரின் கோல் போஸ்டுக்குப் பின்னால், ஆறடி தள்ளி.

"ஏன் பாய், எதிர்ப் பக்கம் போய் நின்னா நம்மாளுங்க கோல் போடறதப் பாக்கலாமே?" என்று ஒரு தடவை மதலைமுத்துவே கேட்டிருக்கிறார்.

"பந்து எந்தப் பக்கம் அதிகமா வருதோ அந்தப் பக்கந்தானே தம்பி நிக்கணும்?"

இருபத்திரண்டு வருஷத்தில் மார்னிங் ஸ்டார் ஜெயித்தது பத்தொன்பது மேட்ச். பாய் நின்ற இடம் சரியான இடம்தான்.

மேட்ச் முடிந்த அன்றைக்கே ஒரு பெரிய நீள நோட்டில், மாத்திரை கரைத்த நீல மசியைத் தொட்டுத் தொட்டு, ஆட்டத்தை எழுதிவிடுவார். படிக்கக் கேட்டால் தரமாட்டார். "சரித்திரத்தச் சுடச்சுடப் படிக்கக் கூடாது. நான் போய்ச் சேந்தப்புறம் ஆற அமரப் படிங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், பொய் எழுத மாட்டேன்" என்பார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது மதலைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் விடல தம்பி. எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மதலைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. அதில் பாதி பாய்க்காக, பாதி அறுபத்து நாலாம் வருஷத்துக்காக.

அறுபத்து நாலு மே மாதம் மார்னிங் ஸ்டார் பைனலுக்கு வந்தது. அதுவரை வந்ததில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. கடத்தூர் மைதானத்திலேயே, பாப்பிரெட்டிப்பட்டி அணியோடு ஆட்டம். ஊரே திரண்டிருந்தது. கடைசி நிமிடம் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை.

மதலைமுத்து அப்போது புல்பேக். நல்ல கால், நல்ல மூச்சு. ஒரே ஒரு குறை, பந்து கிட்டத்தில் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அன்றைக்கும் மூடிக்கொண்டார். பாப்பிரெட்டிப்பட்டி கோவிந்தன் தூக்கி அடித்த பந்து கோலுக்குச் சம்பந்தமே இல்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது தன் முழங்காலுக்குக் கீழே பட்டுக் கோல் பக்கம் திரும்பியதை மதலைமுத்து நன்றாக உணர்ந்தார். ஓடிய வேகத்தில் தலை போஸ்டில் மோதியது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

நினைவு திரும்பியபோது முகத்தின் மேல் சுபான் பாயின் ஈரத் துண்டு கிடந்தது.

"கண்ணத் தொறக்காதீங்க தம்பி, தூசி! திடீர்னு ஒரு சூறக்காத்து அடிச்சுது பாருங்க, அப்பப்பா! யாருக்கும் ஒண்ணும் தெரியல. கோவிந்தன் கோல் போட்டுட்டானாம். அவனத் தடுக்கப் போயி நீங்க மண்டைய ஒடச்சிக்கிட்டீங்க."

அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மதலைமுத்து கண்ணைப் போலவே வாயையும் மூடிக்கொண்டார்.

நெற்றியில் ஏழு தையல். ஊரில் ஒரே பேச்சு. "டீமுக்காக மண்டைய ஒடச்சிக்கிட்டவன் பொண்டாட்டியக் கைவிடுவானா?" என்று சொல்லி அடுத்த வருஷமே இன்னாசியம்மாளின் அப்பா பெண்ணைக் கொடுத்தார். கழகத்தில் செயலாளர் பதவி கொடுத்தார்கள். எப்போது அந்த பைனல் பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர், "யப்பா, என்னா தூசி அன்னிக்கு!" என்று ஆரம்பித்துவிடுவார். மைதானத்தில் வேகவைத்த கடலை விற்கும் செல்லிக்கு அந்த வருஷத்தைச் சொன்னாலே இருமல் வந்துவிடும். "அன்னிக்கு நெஞ்சுல போன தூசிங்க, இன்னும் போவ மாட்டேங்குது" என்பாள். வருஷம் ஏற ஏறத் தூசியும் ஏறிக்கொண்டே போனது. மதலைமுத்துவும் அந்தத் தூசிக்குள் சௌகரியமாக ஒன்பது வருஷம் இருந்துவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம்தான் அவரை அரித்தது. ஊருக்குக் கண் தெரியாத தூசியாகவே இருக்கட்டும். ஆறடி தூரத்தில் நின்றவருக்குமா தெரிந்திருக்காது? அவரோ பொய் எழுதாதவர்.

பாய்க்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் கழகத்தின் தலைவர் மாதேஸ்வரன் கமிட்டியைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை சுபான் பாய் நினைவாக ஒரு மேட்ச். அதற்கு முன் மைதானத்தில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து சரித்திரத்தைப் படிப்பது. படிப்பவர் செயலாளர் மதலைமுத்து.

"அறுபத்து நாலு பைனலக் கட்டாயம் படிக்கணும். கோவிந்தனையும் கூப்புட்டிருக்கேன், அவருதானே கோல் போட்டவரு" என்றார் மாதேஸ்வரன். சொல்லிவிட்டு அவசரமாக, "என்னா தூசி!" என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மதலைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. முன்கூட்டியே அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். பார்த்தபின் அதைக் கிழிப்பதா, ஒட்டிவிடுவதா என்று அப்புறம் யோசிக்கலாம். பெட்டிக்கு நீலப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று சாக்குச் சொல்லி, பாயின் மனைவி ஜான் பீயிடமிருந்து வெள்ளிக்கிழமையே வாங்கி வந்துவிட்டார்.

"பொட்டி வூட்டுல இருந்தா அவரே ஒக்காந்திருக்கற மாதிரி இருக்குதுங்க தம்பி. ரெண்டு நாளுதானே, கொண்டு போங்க" என்று ஜான் பீ எடுத்துக் கொடுத்தபோது, செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

இப்போது உளியும் சரிப்படவில்லை. மூடியில் இரண்டு நசுங்கலும் ஒரு கீறலும்தான் மிச்சம்.

"பெயிண்ட் அடிக்கறேன்னுதானே வாங்கிட்டு வந்தீங்க? அடிங்க, பாக்கறேன்" என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள் இன்னாசியம்மாள்.

வேறு வழி? அடித்தார். நீல எனாமல், இரண்டு கோட். நசுங்கல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நாலு மணிக்கு அவள் மாதா பீடத்துக்குப் பூ ஜோடிக்கக் கோயிலுக்குக் கிளம்பினாள். தலை மறைந்ததும் மதலைமுத்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கரி போட்டு ஊதினார். ஈயம் சூட்டுக்கு உருகும். சுபான் பாய் கடையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்!

ஈயம் உருகத்தான் செய்தது. ஆனால் காயாத எனாமலைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்து விழுந்தது. தகரப் பெட்டியின் மேல் குப்பென்று நெருப்பு பிடித்தது.

"மாதாவே!" என்று அலறிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. சூட்டில் நெளிந்த மூடி, விருந்தாளிக்கு வழி விடுகிறாற்போல ஓரமாக விலகிக்கொண்டது. அந்த வழியாகக் குடத்துத் தண்ணீரில் பாதி சரித்திரத்துக்குள் இறங்கியது.

நோட்டை வெளியே எடுத்தார். ஓரமெல்லாம் நனைந்திருந்தது. பரவாயில்லை, பெரும்பாலான பக்கங்களில் எழுத்து இருந்தது. அறுபத்து மூன்று இருந்தது. அறுபத்தைந்து இருந்தது. அறுபத்து நாலு பைனல் மட்டும் ஒரே நீலம். பக்கம் முழுக்க மசி கரைந்து மேகம் மூடியிருந்தது. அதற்குள் மூன்றே மூன்று இடங்கள் தப்பித்திருந்தன. மேலே "கடைசி நிமிடம்". நடுவில் "தூசி". அடியில் "மதலைமுத்து".

தூசிக்கும் மதலைமுத்துவுக்கும் இடையில் பாய் என்னதான் எழுதியிருந்தார்? வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து, மறந்துவிட்டுப் போன நூல்கண்டை எடுக்க இன்னாசியம்மாள் திரும்பி வந்தாள்.

கருகிய பெட்டியைப் பார்த்தாள். காலிக் குடத்தைப் பார்த்தாள். புருஷனின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"பெயிண்ட் சீக்கிரம் காயட்டும்னு..." என்று இழுத்தார் மதலைமுத்து.

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க."

"இன்னாசி, ஜான் பீ அக்கா மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? இருவத்திரண்டு வருசமா எழுதினாரு. நான் ஒரு நிமிசத்துல..."

அவள் திட்டவில்லை. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அறுபத்து நாலா?" என்று கேட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கந்தானே தொறந்திருக்குது." ஈர ஓரத்தை முந்தானையால் ஒற்றினாள். "அன்னிக்குத் தூசி ரொம்பங்க."

"நீ வரவே இல்லியே?"

"எங்கப்பா வந்தாரில்ல. அவரு சொல்லுவாரு."

அவளே ஒரு வழியும் சொன்னாள். இஸ்திரிப் பெட்டிதான் தயாராகச் சூடாக இருக்கிறதே, மேலே துணி போட்டு ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்தால் காய்ந்துவிடும். இருவரும் உட்கார்ந்து தேய்த்தார்கள். ஐம்பத்தொன்று காய்ந்தது. ஐம்பத்தெட்டு காய்ந்தது. அறுபத்து நாலாம் வருஷம் வந்ததும் இன்னாசியம்மாள் துணியைப் போட மறந்துவிட்டாள். அது மட்டுமா, இஸ்திரிப் பெட்டியை நடுப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, கோயில் பூ வாடிப்போவதைப் பற்றி விலாவாரியாகப் பேச ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய், தீயுதுடி!"

"அய்யய்யோ" என்றாள், அரிசியில் ஒரு கல்லைக் கண்ட மாதிரி.

எடுத்துப் பார்த்தால் பக்கம் நிறைய இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் பழுப்பான ஒரு முத்திரை. தப்பித்திருந்த மூன்று இடமும் போயே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதலைமுத்து தகரக் கடைக்குப் போனார். கடையை இப்போது சுபான் பாயின் தம்பி மகன் நூர் பாஷா பார்த்துக்கொண்டிருந்தான். சாக்கைப் பிரித்தவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பஸ் ஏறிடுச்சுங்களாண்ணா?"

"கேக்காதப்பா. ஈயம் வச்சு மறுபடியும் அடச்சுக் குடு. பாய் அடச்ச மாதிரியே இருக்கணும். யாருக்கும் சொல்லாத."

"நான் எதுவும் பாக்கலீங்க." நூர் பாஷா நெளிந்த மூடியைத் தட்டி நிமிர்த்தினான். தட்டிக்கொண்டே, ஒருவரும் கேட்காமல், "அறுபத்து நாலு பைனல்ல என்னா தூசிங்கண்ணா! எனக்கு என் கையே தெரியல" என்றான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மைதானம் நிறைந்திருந்தது. கோல் போஸ்டுக்குப் பின்னால், ஆறடி தள்ளி, பாய் நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு மாலை வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் ஜான் பீ முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கோவிந்தன் சால்வையோடு மேடையில் நெளிந்துகொண்டிருந்தார். ஓரத்தில் செல்லி கடலைக் கூடையை இறக்கி வைத்திருந்தாள்.

நூர் பாஷா உளியால் ஒரே தட்டில் பெட்டியைத் திறந்தான். மதலைமுத்து நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஆகஸ்டு ஒன்பது. தர்மபுரியில் ஆட்டம். நம் அணி ஏழு கோல் வாங்கியது. நடுவர் நேர்மையாக நடந்துகொண்டார். நம்மவர்களும் நேர்மையாகத் தோற்றார்கள்."

கூட்டம் சிரித்தது.

"ஐம்பத்தெட்டு, ஜனவரி. நம் கோல் கீப்பர் மாதேஸ்வரன் ஆட்டத்தின் நடுவில் தேங்காய் பன் வாங்கிச் சாப்பிட்டார். அப்போது கோல் விழுந்தது. பந்தை விட்டார், பன்னை விடவில்லை."

தலைவர் மாதேஸ்வரன் மேடையில் உட்கார்ந்தபடியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மைதானமே விசிலடித்தது.

"அறுபத்தொன்று. என் தம்பி மகன் நூர் பாஷா எதிரே ஆளில்லாத கோலை விட்டான். சொந்தக்காரன் என்பதற்காக மறைக்க முடியாது. விட்டான்."

படிக்கப் படிக்க மதலைமுத்துவுக்குப் பாயின் குரல் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பொய் இல்லை. ஒருவரையும் விடவில்லை. ஆனால் ஒருவருக்கும் வலிக்கவுமில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"எழுபத்திரண்டு, டிசம்பர். இப்போதெல்லாம் எனக்குப் பந்து தெரிவதில்லை. சத்தத்தை வைத்து எழுதுகிறேன். இன்று நம்மவர்கள் அதிகம் சத்தம் போடவில்லை. தோல்வி என்று நினைக்கிறேன். அடுத்த மேட்சுக்கும் வருவேன்."

விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயிலிருந்து விரலை எடுத்தார்கள். ஜான் பீ முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதலைமுத்துவுக்கும் எழுத்து மங்கியது.

"செயலாளரே, அந்த பைனல்!" என்றார் மாதேஸ்வரன், எப்படியாவது தேங்காய் பன்னிலிருந்து ஊரைத் திருப்பிவிடும் அவசரத்தில்.

மதலைமுத்து பக்கத்தைத் திருப்பினார். நீல மேகம், நடுவில் இஸ்திரிப் பெட்டி. இனி பயமே இல்லை. இதில் எதுவும் இல்லை என்பது அவருக்கும் இன்னாசியம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். வாய்க்கு வந்ததைப் படிக்கலாம். கோவிந்தன் அடித்தார், மதலைமுத்து பாய்ந்தார், மண்டை உடைந்தது. ஊரும் கேட்டுக்கொள்ளும்.

"அறுபத்து நாலு, மே மாதம். கடைசி நிமிடம். திடீரென்று சூறைக்காற்று எழுந்து, எங்கும் தூசி..."

ஓரத்தில் செல்லி இருமினாள்.

மதலைமுத்து நிறுத்தினார். மாலை போட்ட நாற்காலியைப் பார்த்தார். சொந்தத் தம்பி மகனைக்கூட மறைக்காத மனிதரின் நோட்டில், அவர் குரலில், தான் ஒரு பொய்யைப் படிப்பதா? அது மட்டும் தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நோட்டை மூடினார்.

"இந்தப் பக்கத்துல ஒண்ணுமில்லீங்க. நேத்து நான்தான் பொட்டிய ஒடைக்கப் போயி இதக் கெடுத்துட்டேன். ஜான் பீ அக்கா, என்ன மன்னிச்சிருங்க. பாய் இதுல என்ன எழுதியிருந்தாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நடந்தது என்னான்னு எனக்குத் தெரியும்." இன்னாசியம்மாள் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. "அன்னிக்கு அந்த கோலப் போட்டது கோவிந்தன் இல்லீங்க. பந்து வெளிய போய்ட்டிருந்துது. நான் கண்ண மூடிக்கிட்டு என் கால்ல வாங்கி நம்ம கோல்லயே போட்டுட்டேன். தூசியில உங்க யாருக்கும் தெரியல. நான் ஒம்போது வருசமா சொல்லாம ஏமாத்திட்டேன். பாய் பொய் எழுதினதில்ல. அவரு நோட்டுல நானும் பொய் படிக்க மாட்டேன்."

மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு, விழப்போகும் வசவுக்காகக் காத்திருந்தார்.

முதலில் எழுந்தவர் மாதேஸ்வரன். "அதெப்படிங்க? அடிச்ச தூசியில உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்? தலையில அடிபட்டதுல கனவு கண்டிருப்பீங்க!"

"ஆமாங்க, நான்தான் அடிச்சேன்!" என்று கோவிந்தன் சால்வை நழுவ எழுந்தார். "என் காலுக்குத் தெரியாதுங்களா? நான்தாங்க!"

"பயங்கரத் தூசிண்ணா!" என்றான் நூர் பாஷா.

"எங்கப்பாவும் அதத்தாங்க சொன்னாரு!" என்று பெண்கள் பக்கமிருந்து இன்னாசியம்மாளின் குரல் வந்தது.

"இல்லீங்க, சத்தியமா என் கால்லதாங்க பட்டுது!"

"தூசிங்க!" என்று மைதானமே கத்தியது. மதலைமுத்து ஒன்றும் புரியாமல் நோட்டைக் கட்டிக்கொண்டு நின்றார். முக்காட்டுக்குள் ஜான் பீயின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

செல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. கடலைக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"போதும், நிறுத்துங்கப்பா! மதலைமுத்து மனசு ஒடஞ்சிருவாருன்னு சுபான் பாய் அன்னிக்கு வூடு வூடா வந்து கையப் புடிச்சிக் கேட்டுக்கிட்டாரேன்னு, அடிக்காத தூசிக்கு நானும் ஒம்போது வருசமா இருமிக்கிட்டு இருக்கறேன்!"